குதிரைமசால் வேரில் இருவகை முடிச்சுகள்

சென்ற பங்குனியில் ஒரு நாள் முற்பகல், நமது சங்கத்து அங்கத்தினர் ஒருவர் குதிரைமசால் செடிகள் சிலவற்றை வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்துபவர் அவர். முப்பது சென்ட் நிலத்தில் குதிரைமசால் பயிரிட்டு மூன்றாண்டுகளாக அறுத்து வருகிறார். முதல் ஆண்டில் முழங்கால் உயரம் தழைத்து நின்ற பயிர், இப்பொழுது திட்டுத்திட்டாக வெளுத்து, ஓர் அறுப்புக்குப் பின் மறு அறுப்புக்கு எழும்பாமல் சோர்ந்து கிடந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று நீரைக் கூட்டினார்; சத்துப் போதவில்லையோ என்று யூரியாவைத் தூவினார். பயன் இல்லை. பசுந்தீவனம் குறையவே கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்தின் செலவு ஏறிற்று. ஆயினும் அவரை மிகுதியும் வருத்தியது செலவன்று, ஒரு சந்தேகம். "ஏனுங்க, பயறுச் செடியின் வேரில் முடிச்சு இல்லாவிட்டால்தான் செடி மெலியும் என்று சொல்லுவீர்கள். இதில் வேர் முழுக்க முடிச்சாகவே இருக்கிறது. பின் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. பயறு இனச் செடிகளின் வேர்களில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியேறி முடிச்சுகளை உண்டாக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கும். ஆகவே முடிச்சு மிகுந்தால் நன்மை மிகும். இதனை விவசாயக் கூட்டங்கள் தோறும் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். அன்று அந்த வேர்களைப் பார்த்தபோது நம்மில் இருவர் "முடிச்சு நன்றாகத்தானே பிடித்திருக்கிறது" என்று தலையசைத்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் அச்சமயம் அங்கிருந்தார். அவர் ஒரு வேரை வாங்கித் தண்ணீரில் அலசி, கட்டைவிரல் நகத்தால் ஒரு முடிச்சை நெம்பிப் பார்த்தார். அது வரவில்லை. இன்னொன்றை நெம்பினார், அதுவும் வரவில்லை. "இது ரைசோபியம் முடிச்சு அன்று, நூற்புழு வேலை" என்றார்.

நன்மை செய்யும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் நெம்பினால் வேருக்குச் சேதமின்றித் தனியே கழன்று வரும். அதனைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் காணப்படும். அந்நிறம் இருக்கும்வரை அது தழைச்சத்து ஈட்டும் பணியில் உள்ளது என்று கொள்ளலாம். பசுமையாகவோ பழுப்பாகவோ மாறிவிட்டால் அதன் காலம் முடிந்தது. தட்டைப்பயற்றில் இம்முடிச்சு உருண்டையாகவும், குதிரைமசாலில் சிறு விரல்போல் நீண்டும், சில சமயம் கிளைத்தும் காணப்படும். நூற்புழுவின் முடிச்சோ வேரில் ஒட்டிய தனிப் பொருளன்று. வேரே அவ்விடத்தில் வீங்கியிருக்கிறது. ஆகையால் அதனைக் கழற்ற முடியாது. கழற்ற முயன்றால் வேர் அறும். உள்ளே இளஞ்சிவப்பு இராது. நல்ல பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்பவருக்கு முத்துப்போன்ற வெண்ணிறப் பொட்டுகள் தென்படக்கூடும். அவையே பெண் புழுக்கள்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. அறுந்த இழையைச் சேர்த்துப் போட்ட முடிச்சு ஒன்று. நூற்கும்போதே நூலில் விழுந்த தடிப்பு மற்றொன்று. முன்னதை அவிழ்க்கலாம், பின்னதை அவிழ்க்க இயலுமோ? மேலும், நூற்புழு என்னும் பெயரைக் கேட்டு இது நூலைத் தின்னும் புழுவென்று எவரும் அஞ்ச வேண்டாம். நூலிழைபோல் மெல்லியதாயிருப்பதால் வந்த பெயரே அது. எனினும் பருத்திக்கும் இவ்வினத்துக்கும் தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

குதிரைமசாலின் விஷயத்தில் ஏமாற்றம் எளிதில் நேர்வதற்கு ஒரு காரணமுண்டு. தக்காளியிலும் வெண்டையிலும் இப்புழு உண்டாக்கும் முடிச்சுகள் பெரியவை. வேர் முழுவதும் மஞ்சள் கிழங்குபோல் பருத்து விகாரமாகக் காணப்படும். குதிரைமசாலில் அவை சிறியவை. ரைசோபியம் முடிச்சின் அளவேயானவை. இரண்டும் ஒரே வேரில் அருகருகே இருப்பதும் உண்டு. போதாக்குறைக்கு நூற்புழு சில வேளைகளில் ரைசோபியம் முடிச்சுக்குள்ளேயே புகுந்து அதனையும் கெடுக்கும்.

வேர்முடிச்சு நூற்புழு புதிதாய் வந்த பீடையன்று. இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டில் வளர்த்த வெள்ளரியின் வேர்களில் இதனைக் கண்டு 1855-ஆம் ஆண்டில் முதலில் எழுதியவர் பெர்க்லி என்பார். நம் நாட்டில் இதனை முதன்முதல் கண்டதும் நமக்கு அருகிலேதான்: நீலகிரியில் தேவாலாத் தோட்டத்துத் தேயிலை வேர்களில் இது இருப்பதை 1901-ஆம் ஆண்டில் பார்பர் என்பவர் அறிவித்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் அதனை நல்ல முடிச்சென்று நாம் பாராட்டிக்கொண்டிருந்தோம் என்பது சிறிது வெட்கத்துக்குரியதே.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது. வெறுங் கண்ணுக்குப் புலப்படாது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலத்தில் நெளிந்து சென்று, இளவேரின் நுனியருகே துளைத்து உள்ளே புகும். ஓரிடத்தில் அமர்ந்தபின் அது மீண்டும் நகர்வதில்லை. அதன் உமிழ்நீரின் தூண்டுதலால் சுற்றியுள்ள சில உயிரணுக்கள் பல மடங்கு பெருத்து, செடியின் உணவையெல்லாம் அங்கே இழுத்துக் குவிக்கும் பண்டசாலைகளாகிவிடுகின்றன. புழு அங்கிருந்தே உண்டு, பேரிக்காய் வடிவில் பருத்து, பசைபோன்ற உறையொன்றில் 300 முதல் 500 முட்டைகள் வரை இடுகிறது. ஆண் புழுவின் துணைகூட இதற்கு வேண்டுவதில்லை. மண்ணின் வெப்பம் 27, 28 டிகிரி அளவில் இருக்குமாயின் முட்டையிலிருந்து முட்டை வரை ஏறத்தாழ 25 முதல் 30 நாட்களே ஆகும்.

இந்த 25, 30 நாள் கணக்கு அங்கத்தினர்களுக்குப் பழக்கமானதே. குதிரைமசாலை விதைத்த 75 அல்லது 80 நாட்களில் முதல் அறுப்பும், பின்னர் 25, 30 நாட்களுக்கு ஓர் அறுப்பும் எடுக்கிறோம். நாம் ஓர் அறுப்பு எடுப்பதற்குள் அது ஒரு தலைமுறை எடுத்துவிடுகிறது! அன்றியும், அறுத்த பிறகு குதிரைமசால் மீண்டும் துளிர்ப்பது வேரில் சேமித்து வைத்துள்ள உணவைக் கொண்டுதான். அச்சேமிப்பையே புழுவும் உறிஞ்சுகிறது. ஆகவே புழு இருக்கும் நிலத்தில் முதல் ஆண்டின் அறுப்புகளில் குறை தெரியாமலிருந்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் பயிர் திடீரெனத் தளர்ந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது திடீரென நிகழ்ந்ததன்று.

மேலே கூறிய அங்கத்தினரின் தோட்டத்தை நேரில் சென்று பார்த்தோம். செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம், கிணற்றுப் பாசனம். நண்பகலில் ஈரமிருந்தும் செடிகள் வாடி, மாலையில் தெளிந்தன. வெளுத்த திட்டுகள் வாய்க்கால் மடையருகே தொடங்கி, நீர் ஓடும் திசையில் நீண்டிருந்தன. பூச்சி மருந்துக் கடையில் இதற்கு மூவகைப் புட்டிகளை அவர் கையில் கொடுத்திருந்தார்கள். மூன்றும் இலைக்குத் தெளிப்பவை. நோய் இருந்ததோ வேரில். யூரியாவினாலும் தீங்கே விளைந்தது. தழைச்சத்தை வெளியிலிருந்து மிகுதியாகக் கொடுத்தால் பயறுச் செடி நல்ல முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சியிருந்த நல்ல முடிச்சுகளும் குறைய, கெட்ட முடிச்சுகளே மிஞ்சின.

இனி, நட்டு வளர்க்கும் முறை இதில் என்ன செய்யும் என்பதைக் கவனிப்போம். நமது கருத்தில் இதுவே முக்கியமானது. நூற்புழு தன் முயற்சியால் ஆண்டொன்றுக்கு ஒரு மீட்டர் தூரங்கூட நகர்வது அரிது. ஆகவே அதன் பெருக்கம் நாம் அதற்கு எதனை, எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு காலம் உணவாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. குதிரைமசாலைத் தனிப்பயிராக 25 சென்டிமீட்டர் வரிசைகளில் நெருக்கமாக விதைத்து, மூன்று நான்கு ஆண்டுகள் அசைக்காமல், இடைவிடாது நீர் பாய்ச்சி வளர்க்கிறோம். சூடு, ஈரம், உணவு ஆகிய மூன்றும் ஆண்டு முழுவதும் குறையாத இடம் அது. புழுவுக்கு இதனினும் வசதியான விடுதியை நாம் வேண்டுமென்று கட்டினாலும் கட்ட முடியாது. மணற்பாங்கான மண்ணாயின் அது நகர்வதும் எளிது.

புல்லும் பயறும் கலந்து நடும் முறையில் நிலைமை மாறுகிறது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மூன்று வரிசைக்கு வேலிமசால் ஒரு வரிசை என்று நடுவதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்து வந்திருக்கிறது. மாட்டின் உணவில் மாவுச்சத்தும் புரதமும் ஒருங்கே சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும் வேர்முடிச்சுப் புழுவைப் பொறுத்தவரையும் இதில் ஒரு லாபமுண்டு. புல்வகைகளில் பல இப்புழுவுக்குச் சரியான உணவல்ல. இளம்புழு அவற்றின் வேரில் புகுந்தாலும் வளர்ந்து முட்டையிடும் நிலையை அடையாமல் மடிவதுண்டு. கினிப்புல் இவ்வகையில் பெயர்பெற்றது. ஒரு பயறு வரிசைக்கும் மறு வரிசைக்கும் இடையே அத்தகைய புல் நிற்குமாயின் புழுவின் வழி நீளுகிறது. நிலத்தில் அதன் உணவும் நாலில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

ஆனால் கலப்பு முறையை ஒரு மந்திரமாகக் கொள்ளலாகாது. பயறு வரிசையில் புழு இருந்தால் அங்கே இருந்துகொண்டுதான் இருக்கும். பெருகும் வேகமே குறையும். முன்பே புழு மலிந்த நிலத்தில் புல்லைக் கலந்து நட்டுவிட்டு, நோய் தீர்ந்ததென்று எண்ணுவது தவறு. அன்றியும் வேர்ப்புண் நூற்புழு என்னும் மற்றோர் இனம் உண்டு. அது முடிச்சு உண்டாக்குவதில்லை; வேருக்குள் ஊர்ந்து திரிந்து பழுப்பு நிறப் புண்களை ஏற்படுத்தும். சோளம், மக்காச்சோளம் முதலிய புல்லினப் பயிர்களில் அதன் சில வகைகள் செழித்து வாழும். ஒரு திருடனுக்குக் கதவை அடைத்து, வேறொருவனுக்குத் திண்ணையைக் கொடுத்த கதையாகும் அது.

மக்காச்சோளத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். தீவன மக்காச்சோளம் மூன்று வரிசை, தட்டைப்பயறு ஒரு வரிசை என்னும் கலப்பு நம் பக்கத்தில் விரைவாகப் பரவி வருகிறது, தீவனமும் நன்றே. மக்காச்சோளம் புல்லினந்தானே, வேர்முடிச்சுப் புழு அதில் வாழாது என்று பலரும் நம்புகின்றனர். அதன் பல ரகங்களின் வேரில் முடிச்சு கண்ணுக்குத் தெரியாது என்பதே உண்மை. புழு உள்ளே இருந்து முட்டையிடத்தான் செய்கிறது. ஆகவே புழுவுள்ள நிலத்தில் தட்டைப்பயற்றுக்குத் துணையாக மக்காச்சோளத்தைவிடத் தீவனச் சோளத்தையோ கம்பையோ வைப்பதே நலம்.

தட்டைப்பயறு குறுகிய காலப் பயிர். 50, 55 நாட்களில் அறுப்புக்கு வந்துவிடும். அதற்குள் புழு ஒரு தலைமுறையை முடித்து இரண்டாவதையும் ஏறத்தாழ முடித்துவிடும். நாம் தழையை அறுத்துக்கொண்டு வேரை நிலத்திலேயே விட்டுவிடுகிறோம். முட்டைப் பைகள் முழுவதும் அவ்வேரில்! அறுத்த அன்றே கட்டைகளைப் பிடுங்கி வெயிலில் உலர்த்தி எரித்துவிட்டால் அடுத்த பயிருக்கு விடப்படும் புழுவில் பெரும்பங்கு ஒழியும். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பார்கள், உண்மைதான். முழு நிலத்திலும் இயலாவிட்டாலும், வெளுத்த திட்டுகளிலாவது இதனைச் செய்துவிட வேண்டும். அக்கட்டைகளை எருக்குழியில் மட்டும் போடலாகாது. ஆற்றில் போட்டதை அளந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி, எருவோடு திரும்பி வந்துவிடும்.

பருத்தி விவசாயிகள் கவனிக்க வேண்டியது சிறுநீரக வடிவ நூற்புழு என்பது. ஹவாய்த் தீவில் தட்டைப்பயற்றின் வேர்களில் கண்டு 1940-ஆம் ஆண்டில் லின்ஃபோர்டு, ஒலிவேரா என்னும் இருவர் இதனை விவரித்தனர். இது முடிச்சுப் போடுவதில்லை. பெண் புழுவின் பின்பாதி வேருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முட்டைப் பசையில் மண் ஒட்டிக்கொள்வதால் எவ்வளவு அலசினாலும் வேர் அழுக்காகவே தோன்றும். தட்டைப்பயறு, பருத்தி, ஆமணக்கு ஆகிய மூன்றிலும் இது வாழும். வேர்முடிச்சுப் புழுவுக்கு மணற்பாங்கு விருப்பமானால், இதற்குச் சற்றுக் களிப்பான மண்ணும் ஒத்துக்கொள்ளும். ஆகவே கரிசல் நிலத்தில் தட்டைப்பயற்றை அடுத்துப் பருத்தியும் பருத்தியை அடுத்துத் தட்டைப்பயறுமாகப் போடுவோர் இடையில் ஒரு பருவம் சோளம் விதைப்பது நல்லது. நூற்புழு வேரில் செய்யும் காயம் வாடல் நோய்க்கு வழிதிறந்து விடுவதுமுண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பருத்தி வாடல் நோயை ஆராய்ந்த அட்கின்சன் என்பவர், வேர்முடிச்சுப் புழு உள்ள இடங்களில் வாடல் மிகுந்திருப்பதை 1892-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். பருத்தி வாடினால் நூல் விலை என்னவாகும் என்பதைத் தறியில் அமர்ந்திருப்பவர்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

தாராபுரம், காங்கயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல், புல்லிடையே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும். விதைத்தவர் யாரோ, மேய்வது இன்றைய மாடு. அங்கே பயறுச் செடிகள் வரிசையாகவோ நெருக்கமாகவோ இல்லை. புல்லின் இடையே சிதறிக் கிடக்கின்றன. மழை பெய்தால் முளைத்து, காய்ந்தால் மறைந்துவிடுகின்றன. ஆண்டில் பல மாதம் மண் எரிந்து கிடப்பதால் ஈரத்தையே நம்பி வாழும் புழுவுக்குத் தொடர்ந்த உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. கொறங்காட்டின் விளைச்சலைக் கிணற்றுப் பாசனத் தீவனத்தோடு ஒப்பிட முடியாதென்பது தெரிந்ததே. ஆனால் கலப்பும் ஓய்வும் சேர்ந்தால் மண்ணில் என்ன நடக்கும் என்பதற்கு நம் முன்னோர் விட்டுச்சென்ற எடுத்துக்காட்டு அது.

புழுவை எதிர்க்கும் ரகங்கள் உண்டா என்று பலர் கேட்கின்றனர். உண்டு. அமெரிக்காவில் 'அயர்ன்' என்னும் தட்டைப்பயறு ரகம் வேர்முடிச்சுப் புழுவையும் வாடல் நோயையும் தாங்கி நிற்பதை வெப்பர், ஆர்ட்டன் என்னும் இருவர் 1902-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்பின் வந்த எதிர்ப்பு ரகங்கள் பலவற்றுக்கு அதன் குணமே அடிப்படை. குதிரைமசாலில், 1954-ஆம் ஆண்டில் அங்கே வெளியிடப்பட்ட 'லஹோன்டான்' ரகம் தண்டு நூற்புழு என்னும் வேறோர் இனத்தை எதிர்க்கவல்லது. ஓர் இனத்தை எதிர்க்கும் ரகம் மற்றோர் இனத்தையும் எதிர்க்குமென்று எண்ணிவிடக் கூடாது. எதிர்ப்பு ரகத்தையே திரும்பத் திரும்பப் போட்டால் அதனையும் வெல்லும் புழுக்கூட்டம் காலப்போக்கில் தலையெடுக்கும்.

மருந்துகளைப் பற்றி விரிவாக எழுத நமக்கு விருப்பமில்லை. 1943-ஆம் ஆண்டில் ஹவாய் அன்னாசித் தோட்டங்களில் கார்ட்டர் என்பார் டி-டி என்னும் கலவையை மண்ணில் செலுத்தி வெற்றி கண்டதிலிருந்து, மண்ணைப் புகையூட்டும் முறை உலகெங்கும் பரவியது. அதன்பின் வந்த டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிற்சாலை ஒன்றில் ஆண் தொழிலாளர்கள் மலடானது 1977-ஆம் ஆண்டில் வெளிப்பட, அம்மருந்து அங்கே விலக்கப்பட்டது. நம் நாட்டில் வெகுகாலம் மண்ணில் இட்டுவந்த போரேட் குருணை 2020-ஆம் ஆண்டின் முடிவோடு தடை செய்யப்பட்டது. இன்னும் சிலரது மாட்டுக்கொட்டகைப் பரணில் பழைய பொட்டலங்கள் கிடக்கக் கூடும். அவற்றை எடுத்துத் தீவனப் பாத்தியில் போடுவது பெருந்தவறு. மாதம் ஒருமுறை அறுத்து மாட்டுக்குப் போடும் பயிர் இது. மாடு தின்பது பாலில் வரும். அப்பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகளும் ஊர்க் குழந்தைகளும்.

பின் நோயுற்ற நிலத்தை என் செய்வது? அந்த அங்கத்தினருக்கு நாம் கூறிய யோசனை அவருக்கு முதலில் கசந்தது. மூன்றாண்டுப் பயிரை அழிக்கச் சொன்னால் யாருக்குத்தான் கசக்காது? வெளுத்த திட்டுகளை மட்டும் தோண்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பசுமையாய் நின்ற பகுதியிலும் நான்கு இடங்களில் பிடுங்கிப் பார்த்தோம். அங்கும் வேர் வீங்கியிருந்தது. ஆகவே முழுவதையும் அழித்து, வேர்களைப் பொறுக்கி எரித்து, சித்திரை வைகாசி வெயிலில் பத்து நாட்களுக்கு ஒருமுறையாக மூன்று உழவு போடுமாறு கூறினோம். ஈரமற்ற புழுதியில் கோடை வெயில் நேரே படும்போது முட்டைகள் உலர்ந்து மடியும். உழவுக்குப் பின் பெய்த முதல் மழையில் அவர் சணப்பை விதைத்தார். இளம்புழுக்கள் சணப்பை வேரில் புகுந்தாலும் அங்கே வளர்ச்சி பெற்று முட்டையிடுவது மிகவும் குறைவு. மடக்கி உழுதால் பசுந்தாள் உரமும் ஆகும். துலுக்கச் சாமந்தியும் இவ்வாறே பயன்படும். அதன் வேரிலுள்ள பொருளொன்று நூற்புழுவைக் கொல்வதை ஹாலந்து நாட்டில் 1958-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பூவுக்கு விலையிருக்கும் பருவத்தில் இதனைப் பயிரிடுவோர்க்கு இரட்டை லாபம். ஆனால் வரப்போரம் நாலு செடி வைத்தால் போதும் என்பது வெறும் நம்பிக்கையே; நிலம் முழுதும் அடர்ந்து நின்றால்தான் வேரின் பயன் மண்ணுக்குக் கிட்டும்.

வாய்க்கால் பாசனமுள்ளவர்கள் ஒரு போகம் நெல் நடலாம். நீர் தேங்கிய சேற்றில் இப்புழு பெரிதும் அழியும். இக்காலத்தில் அந்நிலத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை, மஞ்சள் ஆகியவற்றைப் போடலாகாது. ஈரோட்டுப் பக்கத்து அங்கத்தினர்கள் மஞ்சளை விட மனமின்றி, குதிரைமசாலை அழித்த இடத்தில் அதனையே ஊன்ற நினைப்பர். வேர்முடிச்சுப் புழு மஞ்சளில் நன்றாகப் பெருகும் என்பதை நினைவூட்டுகிறோம். மணத்தக்காளி போன்ற களைகளையும் விட்டுவைக்கலாகாது. நிலத்தில் பயிர் இல்லாவிட்டால் அக்களையே புழுவுக்குச் சோறிடும்.

மறுபடி தீவனம் நடும்போது எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கை அடியுரமாக இடுவது பயனளிக்கும். புண்ணாக்குகள் மண்ணில் மட்கும்போது வேர்முடிச்சுப் புழு குறைவதை 1960-களிலிருந்தே நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டி வந்திருக்கின்றனர். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரை எக்டேருக்கு 2.5 கிலோ வீதம் தொழு எருவில் கலந்து இடுவதும் வழக்கத்தில் உள்ளது. இவையெல்லாம் புழுவைக் குறைக்கவே செய்யும். அடியோடு ஒழிக்கும் உபாயம் எதுவும் இல்லை.

இனிக் கூறப்போவது நமது சங்கத்தின் சொந்தக் குறை. சென்ற ஆண்டு ஒட்டுப்புல் வேண்டுமென்று கேட்ட அங்கத்தினர்களுக்குச் சங்கத்தின் மூலம் வேர்விட்ட தூர்களைப் பிரித்து வழங்கினோம். அவற்றுள் ஒரு பகுதி, மேற்கூறிய தோட்டத்தில் குதிரைமசாலை ஒட்டிய வரப்பிலிருந்து எடுக்கப்பட்டது. புல்லுக்குத் தீங்கு தெரியாது. ஆனால் அதன் தூரோடு சென்ற மண்ணில் புழு இருந்திருக்கக் கூடும். தூர் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவர் தோட்டத்துக்கும் சென்று பார்த்துவருகிறோம். சிலரது நிலத்தில் பக்கத்துப் பயறு வரிசையில் முடிச்சு இருப்பதைக் கண்டோம். அது நாம் கொடுத்த தூரினால் வந்ததா, முன்பே இருந்ததா என்று வழக்காடுவதில் பயனில்லை. அவர்களுக்கு வேப்பம் புண்ணாக்கும் சணப்பை விதையும் சங்கத்தின் செலவில் கொடுக்கவேண்டுமென நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. இனிமேல் வேர்த் தூர்களை வழங்குவதில்லை. இருகணுவுள்ள தண்டுக் கரணைகளையே, மண்படாமல் வெட்டி வழங்குவோம்.

வாடகைக்கு விடும் டிராக்டரும் ரோட்டவேட்டரும் அவ்வாறே. ஒரு நிலத்தின் ஈரமண்ணை அப்பிக்கொண்டு மறு நிலத்துக்குச் செல்லும் இயந்திரம் புழுவுக்கு மாட்டுவண்டியை விட விரைவான வாகனம். ஒவ்வொரு நிலத்தில் உழுது முடித்ததும் அங்கேயே கலப்பையைக் கழுவியெடுத்த பின்னரே ஓட்டுநர் புறப்படவேண்டும். இதனால் கால் மணி நேரம் தாமதமாகும். வாடகைக் கணக்கில் அதனைச் சேர்ப்பதில்லை. அடுத்து உழவுக்குக் காத்திருப்பவர்கள் ஓட்டுநரை விரட்டாமலிருந்தால் போதும்.

குதிரைமசாலோ வேலிமசாலோ புதிதாக நட எண்ணுவோர், நடுவதற்கு இரு மாதம் முன்னதாகவே மண்ணைச் சோதித்துக்கொள்ளலாம். நிலத்தின் ஐந்தாறு இடங்களில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, இரண்டு தொட்டிகளை நிரப்பும் அளவு கொண்டுவந்தால் சங்கத் தாழ்வாரத்திலேயே சோதனை செய்து தருகிறோம். ஒரு தொட்டியில் மண்ணை அப்படியே நிரப்பியும், மற்றொன்றில் அதே மண்ணைக் கொதிநீரில் வேகவைத்து ஆறவிட்டு நிரப்பியும் இரண்டிலும் வெண்டை விதை ஊன்றுகிறோம். 40 நாள் கழித்து இரண்டையும் பிடுங்கி அலசிப் பார்த்தால், முடிச்சு எந்த மண்ணின் வேரில் இருக்கிறது என்பது எவர்க்கும் விளங்கும். எழுத்தறிவோ பூதக்கண்ணாடியோ தேவையில்லை. துல்லியமான கணக்கு வேண்டுவோர்க்குக் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து நூற்புழுவியல் துறை உண்டு. அங்கே அனுப்பும் மண்ணை வெயிலில் வைக்காமல், ஈரம் உலராதபடி பாலிதீன் பையில் கட்டி, வேர்த்துண்டுகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். உலர்ந்த மண்ணில் புழு செத்துவிட்டால் நல்ல மண் என்று தவறான விடை வந்துவிடும்.

தாழ்வாரத்தில் இப்பொழுது பதினெட்டுத் தொட்டிகள் இருக்கின்றன. முதலில் வைத்தவற்றின் வேர்களைப் பிடுங்கும் நாளை அறிவிப்புப் பலகையில் எழுதியுள்ளோம். மண் கொணர்வோர் பையின்மீது தம் பெயரையும் சர்வே எண்ணையும், முன்பு அந்நிலத்தில் நின்ற பயிரையும் எழுதிக் கொடுத்தால் போதும்.